குறிப்பேட்டின் இடது பக்கம்

வடசென்னைப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். போன மாதக் கடைசியில் பணி ஓய்வு பெற்றேன். 1991 ஜூனில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தவள். 34 ஆண்டுகள், ராயபுரம், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று மூன்று பள்ளிகள். கடைசி நாளில் அலமாரிச் சாவி, பதிவேடுகள், கணித உபகரணப் பெட்டி எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் தகுதித் தேர்வு எழுதி, வருடக்கணக்கில் காத்திருந்து, கலந்தாய்வில் இடம் எடுத்து வந்திருக்கிறீர்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்களும் இருப்பீர்கள். "வடசென்னையா? பார்த்து இரும்மா" என்று சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்தப் பயத்தோடு வருகிறவர்கள் முதல் வாரத்தில் எங்களைப் போன்ற பழைய ஆட்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கிளாஸை எப்படி மிஸ் கன்ட்ரோல் பண்றீங்க?" நானும் பதில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் அதே கேள்வியோடு வருவார்கள்.

இப்போது யோசித்தால், அந்தப் பதில்களால் யாருக்கும் பெரிய பயன் இருந்திருக்காது என்று தெரிகிறது. நாங்கள் முப்பது வருடம் தடுக்கி விழுந்து கற்றதில், விழுந்ததையெல்லாம் விட்டுவிட்டு முடிவை மட்டும் சொல்வோம். கேட்பதற்கு நன்றாக இருக்கும், வகுப்பில் கைகொடுக்காது. அதனால் உங்கள் பள்ளியில் இருக்கும் மூத்தவரிடம் அறிவுரை கேட்காதீர்கள். "இந்த வகுப்பில் நீங்கள் தப்பாகச் செய்தது என்ன மிஸ்? எப்போது தெரிந்தது?" என்று கேளுங்கள். முதலில் கொஞ்சம் தயங்குவார்கள். டீ குடிக்கும் நேரத்தில், தனியாக இருக்கும்போது கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் மணி அடித்த பிறகும் நிறுத்த மாட்டார்கள்.

எனக்கு அப்படிச் சொல்ல ஒருவர் வாய்த்தார். நான் சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற ஆறு வருடம் இருந்தது. 'பெரிய டீச்சர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பாடக்குறிப்பு நோட்டில் நாங்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் எழுதுவோம். அவர் வலது பக்கம் மட்டும் எழுதுவார். திங்கட்கிழமை தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவது அந்தப் பக்கத்தில். இடது பக்கம், பாடம் முடிந்த பிறகு பென்சிலால் நிரம்பும். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டதும், "படிச்சுக்கோ" என்று நோட்டையே தந்துவிட்டார்.

பெரிய தத்துவம் ஒன்றும் அதில் இல்லை. "நிழல் பாடம். வெயிலில் கூட்டிக்கொண்டு போகாமல் நடத்தினேன். வீண்." இன்னொரு நாள்: "இரண்டு பேரை வெளியே நிற்க வைத்தேன். அவர்கள் செய்தது சின்னத் தப்பு. காலையில் வீட்டில் தண்ணீர் வரவில்லை, அந்தக் கோபம்." இப்படி ஒரு வரி, இரண்டு வரி. தன் தவறை இவ்வளவு நேராக எழுதி வைத்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து நானும் இடது பக்கத்தைக் காலியாக விட ஆரம்பித்தேன். அதிலிருந்து சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கழித்தல் கணக்கு. 1993, மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் 62-இலிருந்து 27-ஐக் கழிக்கப் போட்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது மாதிரியே சொல்லிக்கொடுத்தேன். "2-இலிருந்து 7 போகாது. பக்கத்து வீட்டில் போய் ஒன்று கடன் வாங்கு." பாயில் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். அவளுடைய பாட்டி கல்மண்டபம் பக்கம் கூடையில் மீன் விற்பவர்.

"கடன் வாங்குனா எப்ப மிஸ் திருப்பிக் குடுக்குறது?"

வகுப்பே சிரித்தது. எனக்கு அது துடுக்காகப் பட்டது. "கணக்குல அதெல்லாம் கேக்கக் கூடாது. சொன்னதைச் செய்" என்றேன். அவள் உட்கார்ந்து 45 என்று விடை எழுதினாள். அடுத்த கணக்கிலும் அதே மாதிரி. அடுத்த வாரமும் அதே. தப்பு போட்டுக்கொண்டே வந்தேன். மதிப்பெண் ஏட்டில் 'கணிதத்தில் கவனம் தேவை' என்றும் எழுதிவிட்டேன்.

பெரிய டீச்சரிடம் அந்தச் சிலேட்டைக் காட்டினேன். அவர் உடனே சொல்லிவிட்டார்: "இது கவனக்குறைவு இல்ல. பாரு, ரெண்டு இடத்துலயும் பெருசுலேர்ந்து சிறுசைக் கழிச்சிருக்கா. 7-லேர்ந்து 2 போனா 5. 6-லேர்ந்து 2 போனா 4. கடனே வாங்காம கணக்கை முடிக்க வழி கண்டுபிடிச்சிருக்கா." அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "அவங்க வீட்டுல தண்டல் எவ்வளவு கட்டுறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. காலையில் தண்டல்காரரிடம் வாங்கி, அந்தப் பணத்தில் காசிமேட்டில் மீன் எடுத்து, விற்று, பொழுது சாயும்போது வட்டியோடு கட்டும் வீடு அது. கட்ட முடியாத நாளில் வாசலில் வந்து நின்று தண்டல்காரர் என்ன பேசுவார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் உலகத்தில் ஒன்பது வயதிலேயே உறுதியான விஷயம். நான் மட்டும், கடன் வாங்கு, திருப்பித் தர வேண்டாம், கேள்வியும் கேட்காதே என்கிறேன். கணக்கின்படியும் அவள் கேட்டது சரிதான். அங்கே கடனே கிடையாது. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக மாறுகிறது, அவ்வளவுதான்.

"சில்லறை மாத்தச் சொல்லு" என்றார் பெரிய டீச்சர்.

மறுநாள் நாட்காட்டித் தாளைப் பத்து ரூபாய் அளவுக்கு வெட்டி ஆறு நோட்டு செய்தேன். புளியங்கொட்டை ஒன்று ஒரு ரூபாய். அவள் கையில் ஆறு நோட்டும் இரண்டு கொட்டையும் கொடுத்து, "நான் 27 ரூபாய்க்கு மீன் வாங்கியிருக்கேன், 62 ரூபாய் வைச்சிருக்கேன், எடுத்துக்கோ" என்றேன். ஏழு கொட்டைக்கு வழியில்லை. ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "சில்லறை குடுங்க மிஸ்." பத்துக் கொட்டையை எண்ணிக் கொடுத்தேன். இரண்டும் பத்தும் பன்னிரண்டு, அதில் ஏழு போக ஐந்து. மீதி ஐந்து நோட்டில் இரண்டு போக மூன்று. 35. அவள் விடையைச் சொல்லவே இல்லை. தரையில் நோட்டைத் தனியாக, கொட்டையைத் தனியாக அடுக்கி வைத்துவிட்டு, "சில்லறை மாத்துறதுதானா மிஸ்? இதைத்தான் கடன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

இப்போதைய புத்தகத்தில் 'இனமாற்றம்' என்று போட்டிருக்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் வாயில் பழைய சொல்தான் வரும். அப்பாவும் அம்மாவும் வீட்டில் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். விடையைத் தப்பு போடும் முன்னால், "எப்படிம்மா போட்ட?" என்று பிள்ளையைக் கேளுங்கள். முப்பது பேர் வகுப்பில் எல்லோரையும் கேட்க முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு பேரைக் கேளுங்கள். பிள்ளைகள் போடும் தப்பில் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு இருக்கும். அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது பேச்சு. இதில் நான் செய்தது அதைவிடப் பெரிய தவறு. அதைச் சரி செய்ய முடிந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வியாசர்பாடியில் இரண்டாம் வகுப்பு. ஒரு பையன் வாய் ஓயாமல் பேசுவான். படம் காட்டி, "யானை என்ன செய்கிறது?" என்று கேட்டால் முதல் கை அவனுடையது. "குந்திகினு கீது மிஸ்." நான் விடமாட்டேன். "உட்கார்ந்திருக்கிறது, சொல்லு." சொல்வான். அடுத்த வாக்கியத்தில், இழுத்துக்கொண்டு என்பதற்கு 'இஸ்துகினு' வரும். நிறுத்தித் திருத்துவேன். 'அப்பால' வரும். திருத்துவேன். நல்ல தமிழ் சொல்லித் தருகிறேன் என்றுதான் மனதார நினைத்தேன். அரையாண்டுத் தேர்வு வரும்போது அவன் கை தூக்குவதை நிறுத்தியிருந்தான். அதை நான் கவனிக்கவே இல்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஏப்ரலில் பழைய நோட்டுகளைப் புரட்டியபோதுதான், ஜூலையில் பக்கத்துக்குப் பக்கம் இருந்த அவன் பெயர் டிசம்பருக்கு அப்புறம் இல்லை என்று பார்த்தேன்.

பிள்ளை பேசும்போது கேட்டுக்கொள்ள வேண்டும், எழுதும்போது திருத்த வேண்டும். இதைப் பிற்பாடு செய்தேன். கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து இரண்டு பத்தி. ஒரு பக்கம் வீட்டுச் சொல், மறு பக்கம் புத்தகச் சொல். குந்து, உட்கார். நாஸ்டா, காலை உணவு. துட்டு, பணம். அப்பால, பிறகு. பிள்ளைகளே கொண்டுவந்து போடுவார்கள், சண்டை போட்டுக்கொண்டு. எந்தப் பக்கமும் மட்டம் கிடையாது. எங்கே எதைப் பேசுகிறோம் என்பதுதான் பாடம். 'அப்பால்' பழைய இலக்கியத்தில் இருக்கும் சொல் என்று சொன்ன அன்று அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். நாஸ்டா உருது வழியாக வந்தது. இந்தத் துறைமுகத்துக்கு யார் யாரெல்லாம் வந்து போனார்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே இருக்கிறது. ஊர்ப்பக்கத்திலிருந்து வரும் தம்பி தங்கைகளே, அந்தப் பேச்சு சினிமாவில் வில்லனுக்கும் சிரிப்பு நடிகருக்கும் கொடுத்த பேச்சாக உங்கள் காதில் விழலாம். அந்தப் பிள்ளைக்கு அது தாலாட்டு கேட்ட மொழி.

வருகைப் பதிவேடு பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். பெரிய டீச்சர் வராத பிள்ளைகளின் பெயரைத் தெருவாரியாக எழுதி வைப்பார். தனித்தனிப் பெயராகப் பார்த்தால் 'இவன் லீவு, அவள் லீவு' என்றுதான் இருக்கும். ஒரே தெருவில் நாலு பேர் வரவில்லை என்றால் அந்தத் தெருவில் ஏதோ நடந்திருக்கிறது. சாவு விழுந்திருக்கலாம், தண்ணீர் லாரி வரும் நேரம் மாறியிருக்கலாம், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்திருக்கலாம். நான் இதைக் கடைசி நாள் வரை செய்தேன். இப்போது வருகையைக் கைப்பேசி செயலியில் போடுகிறோம். அதில் தெரு தெரியாது. ஒரு தாளில் தெருவாரியாகப் பெயரை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரம் காசிமேட்டு வீடுகளில் கையில் காசே இல்லாத வாரம். ரிப்பன் நிறம், ஷூ, கலர் பென்சில் என்று அந்த வாரத்தில் கேட்காதீர்கள். தடை முடிந்து படகு கடலுக்குப் போனதும் ஏழாவது, எட்டாவது படிக்கும் பெரிய பையன்கள் சிலர் வராமல் போவார்கள். பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று நான் ஒரு வருடம் இருந்துவிட்டேன். இரண்டு பேர் திரும்பவே இல்லை. மூன்றாம் நாளே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகும்போது குற்றம் கேட்கிற முகத்தோடு போகாதீர்கள். "நல்லா கணக்குப் போடுவான், அவன் இல்லாம வகுப்பு ஒரு மாதிரி இருக்குது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

எண்ணூர்ப் பக்கம் பணியில் இருக்கும் தோழிகள் 2023 டிசம்பரைப் பற்றிச் சொல்வார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகத்தில் வந்து படிந்தபோது, வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கருத்துப்போனது. அந்த மாதம் அரையாண்டுத் தேர்வும் இருந்தது. அவர்களில் ஒருவர் தேர்வுக்கு முன் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பேசவிட்டிருக்கிறார், வீட்டில் என்னென்ன போனது என்று. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் பாடத்தை முடிக்கத்தான் பார்த்திருப்பேன். அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன். என்னைவிட பதினைந்து வயது சின்னவர்.

குடியிருப்பை மாற்றும்போது நடப்பது வேறு. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் கால்வாய்க் கரையில் இருந்த பிள்ளைகள் பாதிப் பேர் இல்லை. பெரும்பாக்கம் போய்விட்டார்கள், ஊரின் இன்னொரு கோடிக்கு. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு அம்மாவிடம் நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினேன், அவ்வளவுதான் செய்தேன். பிறகு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். சான்றிதழோடு ஒரு துண்டுச் சீட்டு, அடுத்த டீச்சருக்கு: "இவள் எழுத்தைச் சேர்த்துப் படிப்பாள். பெருக்கல் வாய்ப்பாடு 6 வரை தெரியும். புது இடத்தில் பேச ஒரு மாதம் ஆகும். பாடச் சொன்னால் பாடுவாள்." நாலு வரி எழுத இரண்டு நிமிடம். ஒருமுறை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை போன் செய்து, "சீட்டு கிடைச்சது மேடம், பாடுனா" என்றார்.

அடிப்பதைப் பற்றியும் எழுத வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உடலுக்குத் தண்டனையும் மனதுக்குத் துன்பமும் கூடாது என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன் இருந்த ஆண்டுகளில் நான் அடித்திருக்கிறேன். அடி ஸ்கேல்தான், உள்ளங்கையில்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை நிறுத்த வைத்தது சட்டம் வருவதற்கு முன்பே பெரிய டீச்சர் சொன்ன ஒரு வார்த்தை. "அடி வாங்குற பிள்ளையையே பாக்குற. பக்கத்துல இருக்குறவனைப் பாரு." பார்த்தேன். வாய்ப்பாடு மறந்தவனை அடித்தபோது, பக்கத்தில் இருந்த பையன், வாய்ப்பாடு தெரிந்தவன், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான். அடுத்து நான் கேட்ட கேள்விக்கு அவன் கை வெளியே வரவில்லை. ஒரு அடியில் வகுப்பு முழுக்க வாயை மூடிக்கொள்கிறது, அதைத்தான் நாங்கள் 'கன்ட்ரோல்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் "ரெண்டு வச்சாதான் சரிப்படும், இந்த ஏரியா அப்படி" என்று உங்களிடம் சொல்லும் மூத்தவர் இருப்பார். இந்த ஒன்றில் எங்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத இன்னொன்றும் உண்டு. புதுத் திட்டம் எது வந்தாலும் "இதெல்லாம் நாங்க பாத்தாச்சு" என்று சொல்வது.

பிள்ளைகள் தாங்களே செய்து, அவரவர் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில்தான் தொடங்கியது. 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனது. எங்கள் பள்ளிக்கு வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியை ஓரமாகப் போட்டுவிட்டுப் பாயில் உட்காரச் சொன்னார்கள். பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் சுவர் முழுக்கக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்த அட்டைகள், பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் ஏணிப்படி. 'இது பள்ளிக்கூடமா, அங்கன்வாடியா?' என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆனால் பாயில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே, பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டு பார்த்ததில் தெரியாதது தெரிந்தது. ஒரு பிள்ளை 'அ' எழுதும்போது வாலில் தொடங்கி மேலே ஏறுகிறது. எழுதி முடித்த பிறகு பார்த்தால் சரியான 'அ'. ஆனால் வேகம் வரவே வராது, வார்த்தை எழுதும்போது கை வலிக்கும். கரும்பலகைக்கு முன்னால் நின்று அதைப் பார்க்க முடியாது. அட்டைகள் கிழிந்தன, ஏணியை நிரப்புவதே சில இடத்தில் வேலையாகிப்போனது, அதெல்லாம் உண்மை. பாயில் உட்காரும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கச் சொன்னபோது, எனக்கு அது புதிதாகத் தெரியாததற்கு அந்தப் பாய்தான் காரணம். உங்கள் பள்ளி மூத்தவரிடம் கேளுங்கள், வந்து போன ஒவ்வொரு திட்டத்திலும் அவர் கையில் தங்கியது எது என்று. ஏதோ ஒன்று தங்கியிருக்கும்.

இந்த ஊருக்கு இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1789-இல் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாக ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இருந்தார். ஆசிரியர்கள் போதவில்லை. இங்கே உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பி, ஒரு பையனைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார். இங்கிலாந்துக்குத் திரும்பி, 1797-இல் அதை எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அங்கே பள்ளிகள் நடந்தன. எனக்கு இந்தக் கதையில் மனது போய் நிற்பது வேறு இடத்தில். பார்த்து எழுதியவர் பெயர் நிற்கிறது. மணலில் எழுத வைத்துக்கொண்டிருந்த அந்த உள்ளூர் வாத்தியார் என்ன யோசித்தார், எதில் தோற்றார், எதை மாற்றினார் என்று நமக்கு ஒரு வரி கிடையாது. எழுதுங்கள், தங்கைகளே. இரண்டு வரி போதும்.

சரி, நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். புதிதாக வந்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளப் பதிவு, உதவித்தொகைப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். கூடவே யாரும் எடுக்க விரும்பாத வகுப்பையும் கொடுப்பார்கள். அதை மாற்ற என்னால் முடியாது. ஆனால் ஒன்று கேட்கலாம். உங்கள் தலைமையாசிரியரிடம் போய், முதல் பருவம் முடியும் வரை வாரம் ஒரு பாடவேளை ஒரு மூத்தவர் வகுப்பில் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். அந்த மூத்தவரும் ஒரு பாடவேளை உங்கள் வகுப்பில் உட்காரட்டும். அவருக்கும் கற்றுக்கொள்ள இருக்கிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிக்குப் போகும்போது, பயிற்சி தரும் கருத்தாளர் பேசி முடித்ததும் கலைந்து போகாமல் அரை மணி நேரம் இதற்கு வாங்குங்கள். ஒருவர் தன் இடது பக்கத்தை வாசிக்கட்டும். அதிகாரிகள் இதைப் படித்தால், ஓய்வு பெறுபவரிடம் சாவி வாங்கும் நாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொள்ள யாரையாவது அனுப்பச் சொல்லி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கடைசி நோட்டின் கடைசி இடது பக்கத்தை இங்கே எழுதி முடிக்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண். இந்த ஜூனில் தண்டையார்பேட்டையில் ஏதோ ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருப்பாள். உங்களில் ஒருவருடைய வகுப்பில் இருக்கக் கூடும். கதைப் புத்தகம் கொடுத்தால் ஒரே மூச்சில் படிப்பாள், கேட்டால் கதையை அழகாகச் சொல்வாள். எழுதச் சொன்னால் மட்டும் முதல் வரியோடு நின்றுவிடுவாள். இடது கைக்காரி. நான் பெரிய கட்டம் போட்ட நோட்டு கொடுத்துப் பார்த்தேன், சொல்லச் சொல்ல நானே எழுதி அதைப் பார்த்து எழுதவிட்டேன், சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதவிட்டேன். தரையில் மட்டும் மூன்று வரி எழுதினாள். ஏன் என்று புரியும் முன்னால் வருடம் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவளின் வலது கை அவள் கையில் இடிக்காத மாதிரி, வரிசையின் இடது ஓரத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். அதை நான் செய்து பார்க்கவில்லை.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை